மீனை விற்று மீனை எண்ணலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். அட்லாண்டிக் கரையில் நண்டும் லொப்ஸ்டரும் பிடித்து இலட்சக்கணக்கில் உழைக்கிறவர்களுடைய தொழிலுக்கு, ரொறன்ரோவில் வாடகைக்கு இருப்பவர் ஏன் வரி கட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார். கடலாராய்ச்சிக்குப் பணம் தேவையென்றால் ஒரு பங்கு மீனை ஒதுக்கி விற்று, அந்தக் காசிலேயே ஆராய்ச்சியை நடத்தட்டும் என்பது அவர் சொல்லும் வழி. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இது புதிய யோசனை அல்ல. கனடா இதைச் செய்து பார்த்திருக்கிறது. நீதிமன்றம் அதைத் தடுத்திருக்கிறது. பிறகு பாராளுமன்றம் சட்டத்தையே மாற்றி அதற்கு வழி திறந்துவிட்டிருக்கிறது. நம்மவர்கள் மத்தியில் யாரும் இதைப் பேசக் காணோம். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு கணக்காளர். மொன்றியலில் படித்தவள். பிரெஞ்சு தெரியும் என்ற ஒரே காரணத்தால் நியூ பிரன்சுவிக் மாகாணத்தின் வடகிழக்கு மூலையில், அக்கேடியர்கள் வாழும் கரக்கெற் என்ற கடற்கரை ஊரில் ஒரு சிறிய கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். இப்போது மகளோடு ஸ்காபரோவில் இருக்கிறேன். என்னிடம் கணக்கு எழுதக் கொடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஸ்னோ கிராப் என்கிற பனி நண்டு பிடிப்பவர்கள். பருவம் முடிந்ததும் பற்றுச்சீட்டுகளைக் காட்போட் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து என் மேசையில் கவிழ்ப்பார்கள். ஒரு படகு எப்படி உழைக்கிறது, எப்படிச் செலவழிக்கிறது என்பதை அந்தச் சீட்டுகளில்தான் படித்தேன்.

"மீனவர் ஒன்றும் கட்டுவதில்லை" என்ற நினைப்பை முதலில் தள்ளி வைப்போம். அந்தப் பெட்டிகளில் லைசென்ஸ் கட்டணம் இருக்கும். நண்டு கரையிறங்கும்போது எடையைச் சரிபார்க்கும் தனியார் கண்காணிப்பாளருக்குக் கொடுத்த கூலி இருக்கும். கடலுக்குப் படகோடு கூட வருகிற கண்காணிப்பாளருக்கான பில் இருக்கும். படகு எங்கே நிற்கிறது என்று திணைக்களத்துக்கு அறிவிக்கும் செய்மதிக் கருவியின் மாதக் கட்டணம் இருக்கும். இவை எல்லாம் தொழில் செய்பவர் தன் கையால் கட்டுபவை. அந்த வாசகர் நினைப்பதுபோல் அவர்கள் அரசாங்கத்தின் மடியில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல.

இனி மீன் எண்ணுகிற வேலைக்கு வருகிறேன். செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவின் தென்பகுதியில் 1988 முதல் நண்டுக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. பிடிப்புக்காலம் முடிந்த பிறகு ஒரு படகை அமர்த்தி, முன்பே குறித்த இடங்களில் கடலடியில் வலையிழுத்து, வருகிற நண்டை ஒவ்வொன்றாக அளப்பார்கள். ஓட்டின் அகலம் 95 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ உள்ள ஆண் நண்டைத்தான் பிடிக்கலாம். பெண் நண்டு திரும்பக் கடலுக்கே. ஒரு நண்டு அந்த அளவுக்கு வளர எட்டு, ஒன்பது வருடங்கள் ஆகும். ஆகவே இன்று கைவிரல் நீளத்தில் கிடக்கும் குஞ்சுகளை யாராவது எண்ணினால்தான், பல வருடங்கள் கழித்து எவ்வளவு பிடிக்கலாம் என்று இன்றே ஓரளவு சொல்ல முடியும். வருடா வருடம், அதே முறையில், இடைவெளி விடாமல் எண்ணவேண்டும். ஒரு வருடம் விட்டுப்போனால் அடுத்த வருடம் இரட்டிப்பாகச் செலவழித்தும் அதை மீட்க முடியாது. அந்த வருடத்துக் கடல் போய்விட்டது.

இந்த வேலைக்கு யார் காசு கொடுப்பது?

1990-களில் ஒட்டாவா, அதாவது சமஷ்டி அரசு, தன் செலவைக் குறைக்கத் தொடங்கியது. மீன்வளத் திணைக்களமும் படகுச் சொந்தக்காரர்களின் சங்கங்களும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. சங்கங்கள் பணம் தரும், கணக்கெடுப்பு நடக்கும். 2003-ல் அந்த இணக்கம் முறிந்தது. அந்த வருட நண்டுப் பங்கீட்டில் பழைய லைசென்ஸ்காரர்களின் பங்கு குறைக்கப்பட்டு, புதியவர்களுக்கும் கொடுக்கப்பட்டது. மே மாத ஆரம்பத்தில் எங்கள் ஊருக்கு அயலில் உள்ள ஷிப்பகன் துறைமுகத்தில் ஆத்திரம் கலவரமாக வெடித்துப் படகுகள் எரிந்தன. அதை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்தவில்லை. எரிந்தவற்றில் எந்தப் பிழையும் செய்யாத மனிதர்களின் சொத்தும் இருந்தது. அந்தக் கிழமை அலுவலகத்துக்கு வந்தவர்கள் கணக்குப் பற்றிப் பேசவில்லை. பெட்டியை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுப் போனார்கள்.

அந்த வருடம் சங்கங்களின் பணம் வராததால் மீன்வள அமைச்சர் வேறு வழி எடுத்தார். ஒரு பங்கு நண்டைப் பிடித்து விற்க ஒரு லைசென்ஸ் கொடுத்து, அந்த விற்பனைக் காசில் கணக்கெடுப்பை நடத்த ஏற்பாடு செய்தார். லரோக் என்ற நண்டு பிடிப்பவர் வழக்குப் போட்டார். முதல் நீதிமன்றத்தில் தோற்றார். 2006 ஜூனில் சமஷ்டி மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அமைச்சர் தன் திணைக்களத்தின் ஆராய்ச்சிச் செலவுக்காக நண்டை விற்கச் சட்டத்தில் இடமில்லை, ஏனென்றால் அந்த நண்டு அமைச்சருடையதல்ல என்பதுதான் அதன் சாரம். கடல்வளம் கனடிய மக்கள் எல்லோருக்கும் சொந்தமான பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1997-ல் கோமோ வழக்கில் ஏற்கெனவே சொல்லியிருந்தது. அமைச்சர் அதன் பொறுப்பாளர். அவர் யாருக்கு லைசென்ஸ் கொடுப்பது என்று முடிவெடுக்கலாம். தன் அலுவலகச் செலவுக்கு அதிலிருந்து எடுத்து விற்கலாம் என்று யாரும் அவருக்கு அதிகாரம் கொடுக்கவில்லை.

ஊர்க் கோயில் நகைக்குத் தர்மகர்த்தா பொறுப்பு. நகையைக் கணக்குப் பார்க்க வரும் கணக்கப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுக்கப் பணமில்லை என்று அவர் ஒரு சங்கிலியை விற்றால் ஊர் சும்மா இருக்குமா? சங்கிலி சிறியது, கணக்கு ஒழுங்காகப் பார்க்கப்பட்டது என்று அவர் சொன்னாலும் ஏற்பார்களா?

அந்தத் தீர்ப்பின் அடி ஒரு வளைகுடாவோடு நிற்கவில்லை. பசிபிக் கரையிலும் இதே வழக்கம் இருந்தது. பிரேசர் நதிக்குத் திரும்பும் சால்மனை மதிப்பிட நடத்தும் சோதனை மீன்பிடியில், பிடித்த மீனை விற்றுத்தான் பல படகுகளின் கூலி கொடுக்கப்பட்டது. அந்தச் சோதனைப் பிடியை வைத்துத்தான் பருவத்தின் நடுவில், இன்று பிடிக்கலாமா, நாளை மூடுவதா என்று தீர்மானிக்கிறார்கள். 2006-க்குப் பிறகு எவ்வளவு மீன் விற்கலாம், எதற்கு விற்கலாம் என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. 2009-ல் பத்து மில்லியனுக்கு மேல் வருமென்று எதிர்பார்த்த சொக்கை சால்மன் ஒன்றரை மில்லியன் கூட வராமல் போனபோது நியமிக்கப்பட்ட கோகன் ஆணைக்குழுவும் இந்த விவகாரத்தைத் தொட்டது.

தீர்ப்பினால் விழுந்த ஓட்டையை அடைக்க ஒட்டாவா சில வருடங்கள் தனியாகப் பணம் ஒதுக்கியது. அது சரியான வழி. அதையே நிரந்தரமாக்கியிருக்கலாம். அதற்குப் பதிலாக 2012-ல் சட்டம் மாறியது. சி-38 என்ற பட்ஜெட் மசோதாவை நினைவிருக்கும். 400 பக்கங்களுக்கு மேல், எத்தனையோ சட்டங்களை ஒரே அடியாக மாற்றிய மசோதா. மீன் வாழிடப் பாதுகாப்பைக் குறைக்கும் பகுதியைப் பற்றி நாடு முழுக்கச் சத்தம் எழுந்தது, எழத்தான் வேண்டும். அதே மசோதாவுக்குள் மீன்வளச் சட்டத்தின் 10-ஆம் பிரிவும் புதிதாக வந்து உட்கார்ந்தது. விஞ்ஞான வேலைக்கும் மீன்வள நிர்வாக வேலைக்கும் பணம் திரட்டுவதற்காக, அமைச்சர் ஒரு அளவு மீனையோ, அல்லது வலை, கூடு போன்ற பிடிகருவிகளில் ஒரு எண்ணிக்கையையோ ஒதுக்கலாம். அதற்கு யாரோடாவது ஒரு கூட்டுத் திட்ட ஒப்பந்தம் இருந்தால் போதும். ஒதுக்கிய அளவை லைசென்சிலேயே எழுதிவிடலாம். நீதிமன்றம் சட்டத்தில் இல்லை என்று சொன்னதைச் சட்டத்தில் எழுதிவிட்டார்கள். இன்றைக்கு அது செல்லும். நான் அதை மறுக்கவில்லை. அது நல்ல ஏற்பாடு அல்ல என்பதே என் வாதம்.

கணக்காளராகச் சொல்கிறேன். இந்த நாட்டில் அரசாங்கத்துக்கு வருகிற பணம் பொதுத் திரட்டு நிதிக்குப் போகவேண்டும். அங்கிருந்து ஒரு டொலர் எடுக்கவும் பாராளுமன்றம் சம்மதிக்க வேண்டும். 1867-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலிருந்து வருகிற ஒழுங்கு அது. அந்த ஒழுங்கினால்தான் எதிர்க்கட்சி உறுப்பினர் எழுந்து "இதற்கு ஏன் இவ்வளவு?" என்று கேட்கிறார், கணக்காய்வாளர் நாயகம் வந்து புரட்டிப் பார்க்கிறார், பத்திரிகைக்காரர் எழுதுகிறார். மீனாக ஒதுக்கினால் அந்தப் பாதையே இல்லை. நண்டு கடலிலிருந்து படகுக்கு வருகிறது, படகிலிருந்து ஆலைக்குப் போகிறது, ஆலை கொடுத்த பணம் ஒப்பந்தக்காரரிடம் போகிறது, கணக்கெடுப்பு நடந்து முடிகிறது. வேலை நடந்தது உண்மை. ஆனால் பாராளுமன்றம் வாக்களித்த ஒரு சதம் கூட அதில் இல்லை. அரசு செய்யவேண்டிய ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்பதே வரவுசெலவுத் திட்டத்தில் தெரியாமல் போகிறது. தெரியாத செலவை யார் பாதுகாப்பார்கள்?

"வரிப்பணம் மிச்சம்" என்று சென்ற வாரக் கடிதம் சொன்னது. மிச்சம் என்று ஒன்றும் இல்லை. பொதுச்சொத்தை விற்றுச் செலவழித்தால் அதுவும் நம்முடைய செலவுதான். காசாகப் போகாமல் மீனாகப் போகிறது.

எனக்கு மிகப் பெரிய கவலை வேறு. நண்டுத் தொழிலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் 2010 நினைவிருக்கும். தென் வளைகுடாவில் 2009-ல் 20,900 தொன்னாக இருந்த மொத்தக் கோட்டா, அதாவது பிடிக்க அனுமதிக்கும் அளவு, 2010-ல் 7,700 தொன்னாக வெட்டப்பட்டது. அறுபது சதவீதத்துக்கு மேல் ஒரே வருடத்தில் போயிற்று. அந்தப் பருவத்தில் என் வாடிக்கையாளர்கள் பெட்டி கொண்டுவரவில்லை, உறையில் மடித்துக் கொண்டுவந்தார்கள். வெட்டியதற்குக் காரணம் கணக்கெடுப்பு. பிடிக்கக்கூடிய பெரிய ஆண் நண்டு குறைந்துவிட்டது என்று அது சொன்னது. கசப்பாக இருந்தாலும் அந்த எச்சரிக்கையால்தான் நண்டு பிழைத்தது, பின்னர் கோட்டாவும் ஏறியது. இப்போது யோசித்துப் பாருங்கள். கணக்கெடுப்புக்கான பணம் கோட்டாவிலிருந்து ஒரு துண்டாக வருவதென்றால், மீன் குறையும் வருடத்தில் அந்தத் துண்டும் சுருங்கும். அல்லது துண்டை அப்படியே வைத்துக்கொண்டு, நொந்துபோன மீனவரிடமிருந்து இன்னும் கூடிய பங்கை எடுக்கவேண்டும். மிகக் கவனமாக எண்ணவேண்டிய வருடமே எண்ணுவதற்குப் பணமில்லாத வருடமாகிறது.

மீன் குறையவே தேவையில்லை, விலை விழுந்தாலும் போதும். நியூபவுண்ட்லாந்தில் 2022 பருவத் தொடக்கத்தில் நண்டுக்கு இறாத்தலுக்கு 7.60 டொலர் கிடைத்தது. 2023-ல் 2.20 டொலர் என்று விலை வைத்தார்கள். மீனவர்கள் கிழமைக்கணக்கில் படகைக் கட்டிப்போட்டுக் கடலுக்கே போகவில்லை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஆட்கள் உணவகத்தில் என்ன வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்தா கனடா தன் கடலில் எத்தனை நண்டு இருக்கிறது என்று அளப்பதைத் தீர்மானிக்க வேண்டும்?

விற்க மீனே இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதும் கேள்வி. 1992 ஜூலை 2-ஆம் திகதி அமைச்சர் ஜோன் குரொஸ்பி வட பகுதிக் கொட் மீன்பிடியை மூடினார். சுமார் 30,000 பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அதன்பின் முப்பது வருடங்களுக்கு மேலாக அந்தக் கொட்டை எண்ணிக்கொண்டே இருந்தார்கள். எண்ணியதால்தான் 2023-ல் அது ஆபத்தான நிலையிலிருந்து ஒரு படி மேலே வந்துவிட்டது என்று சொல்ல முடிந்தது. 2024-ல் தடை நீங்கி 18,000 தொன் ஒதுக்கப்பட்டது. அது சரியான முடிவா, அவசரப்பட்டார்களா என்பது வேறு சண்டை. நான் கேட்பது, மூடிக் கிடந்த அத்தனை காலமும் எந்த மீனை விற்று அதை எண்ணியிருக்க முடியும்?

கடலில் மிதக்கும் பிளாங்டன் என்ற நுண்ணுயிர்களை விற்க முடியாது. கடல்நீரின் வெப்பத்தை விற்க முடியாது. 2017-ல் கனடியக் கடலில் 12 ரைட் திமிங்கிலங்கள் இறந்து கிடந்தன. அவற்றில் சில கயிற்றில் சிக்கி, சில கப்பல் மோதி. அதன்பிறகு நண்டுப் பிடிப்புக்காலமே அந்தத் திமிங்கிலம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து மூடித் திறக்கிறது. அதைத் தேடிப் பறக்கும் விமானத்துக்கு எந்தத் திமிங்கிலத்தை ஒதுக்கி விற்பது? ஒன்ராறியோவில் இருக்கிற நமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் உண்டு. கெனோராப் பக்கத்தில் 58 ஏரிகளைக் கொண்ட பரிசோதனை ஏரிப் பிரதேசம். சவர்க்காரத்தூளில் உள்ள பொஸ்பரஸ் ஏரியில் பாசியைப் பெருக்குகிறது என்று அங்கேதான் நிரூபித்தார்கள். அமில மழை என்ன செய்கிறது என்பதையும் அங்கேதான் கண்டார்கள். அதே 2012-ல், அதே மீன்வளத் திணைக்களம், அதற்குக் கொடுக்கும் பணத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பின்னர் வேறொரு நிறுவனம் பொறுப்பெடுத்து, மாகாணமும் கைகொடுத்து அது தப்பியது. விற்கக்கூடிய மீனுக்கு 10-ஆம் பிரிவு, விற்க முடியாததற்குக் கதவடைப்பு. இரண்டையும் ஒரே வருடத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

கொட் மீன் விழுந்த கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1980-களில் மதிப்பீடு செய்தவர்கள், பெரிய இழுவைப் படகுகள் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு பிடிக்கின்றன என்பதிலும் அதிகம் தங்கியிருந்தார்கள். மீன் குறையக் குறைய எஞ்சியது ஒரு சில இடங்களில் திரண்டது. படகுக்காரர் அங்கேயே போனார், பிடி குறையவே இல்லை. மீன் நிறைய இருப்பதுபோலவே தாளில் தெரிந்தது. கரையோரச் சின்னப் படகுக்காரர்கள், "மீன் சிறுத்துப்போச்சு, கிட்ட வருவதே இல்லை" என்று கத்தியதை யாரும் கேட்கவில்லை. பிடிப்பவரின் இலாபத்தோடு கட்டுப்படாத ஒரு கண் கடலில் இருக்கவேண்டும் என்பது அன்றைக்கு நாடு கொடுத்த விலையில் படித்த பாடம். எண்ணுகிறவரின் சம்பளம், எண்ணப்படும் மீன் பிடிக்கப்படுவதில் தங்கியிருக்கக் கூடாது. விஞ்ஞானிகள் நேர்மையானவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, மொங்ரன் நகரிலுள்ள திணைக்கள ஆய்வு நிலையத்திலிருந்து வந்துபோனவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களை அந்த நிலையில் வைப்பதுதான் தவறு.

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். மீனவர்கள் தாங்களாக முன்வந்து போடுகிற பணத்தால் நல்லது நடந்திருக்கிறது. தன் காசில் நடக்கும் கணக்கெடுப்பை மீனவர் நம்புகிறார், முடிவு கசந்தாலும் ஏற்கிறார். என் வாடிக்கையாளர் ஒருவர், வயதானவர், தன் படகிலுள்ள திரையில் கணக்கெடுப்பு இடங்கள் ஒவ்வொன்றையும் குறித்து வைத்திருந்தார். அந்த இடங்களில் கூடு போடவே மாட்டார், "விஞ்ஞானிகளின் கணக்கு குழம்பும்" என்பார். அப்படிப்பட்ட ஒத்துழைப்பை எந்த அரசாலும் காசு கொடுத்து வாங்க முடியாது. அதை யாரும் கெடுக்கக் கூடாது. ஆனால் கூடிப் பேசி வாக்கெடுத்து ஒரு சந்தா கட்டுவது வேறு. கோட்டாவின் தலையிலிருந்து முதலிலேயே ஒரு துண்டை வெட்டிவிட்டு மிச்சத்தைப் பங்கிடுவது வேறு. சங்கத்தோடு ஒப்பந்தம் என்கிறார்கள். சங்கத்தில் இல்லாதவரின் பங்கும் அந்த வெட்டில் குறைகிறது. டெக்கில் வேலை செய்யும் கூலியாளுக்குப் பிடியில்தான் பங்கு, அவரை யாரும் கேட்பதே இல்லை. 1999-ல் மார்ஷல் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த, அந்தக் கரையின் பூர்வகுடிகளான மிக்மாக் மக்களின் உடன்படிக்கை உரிமைக்கு மீன் தேடும்போது, "கோட்டாவில் இடமில்லை" என்று சொல்கிற அதே அரசு, தன் செலவுக்கு இடம் கண்டுபிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அமெரிக்காவிலும் இந்த ஏற்பாடு இருக்கிறது, அங்கிருந்து இரண்டு விதமாகவும் கற்கலாம். வடகிழக்குக் கரையில் ஸ்கொலப் என்னும் சிப்பிக்கு வருடத்துக்கு 12 இலட்சத்து 50 ஆயிரம் இறாத்தலை ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கினார்கள். எவ்வளவு என்பது பகிரங்கம், யாருக்கு என்பது போட்டி முறையில், என்ன ஆராய்ச்சி என்பதும் பகிரங்கம். அது நன்றாகவே நடந்தது. அதற்குக் கொஞ்சம் தெற்கே, மத்திய அட்லாண்டிக் கரையில் மொத்தக் கோட்டாவில் மூன்று சதவீதம் வரை ஒதுக்கும் திட்டம் இருந்தது. அந்த ஒதுக்கீட்டு அனுமதியைக் காட்டி நியூயோர்க் லோங் ஐலண்ட் பக்கத்தில் சிலர் கணக்கில் காட்டாமல் அள்ளி விற்றார்கள். வழக்குகள் வந்தன. 2014-ல் அந்த மீன்வள சபையே திட்டத்தை நிறுத்தி வைத்தது. பகிரங்கமாக, கண்காணிப்போடு நடந்தபோதே இப்படிக் கெட்டுப்போகக் கூடிய ஒரு வழி அது.

இதை என் சினேகிதி ஒருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். "அக்கா, நீங்கள் இப்ப ஸ்காபரோவில இருக்கிறியள், இன்னும் ஏன் நண்டுக்காரன்ர கவலை?" என்று கேட்டாள். அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். அவளுக்கு நான் சொன்னது இதுதான். 1986 ஆகஸ்ட் 11-ஆம் திகதி, நியூபவுண்ட்லாந்தின் தென்கரையில், மூடுபனிக்குள் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரைக் கண்டெடுத்தவர்கள் கடலில் மீன்பிடித்துக்கொண்டிருந்தவர்கள். கப்டன் கஸ் டால்ரன் தன் பிடியை விட்டுவிட்டு அவர்களை ஏற்றினார். ஆறு வருடம் கழித்து அந்தக் கரையின் தொழில் மூடப்பட்டது. அந்த மக்களின் பிழைப்பு ஒழுங்காக எண்ணப்படுகிறதா என்று நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?

நான் கேட்பவை பெரிதல்ல. ஒவ்வொரு முக்கிய மீன் இனத்தின் அடிப்படைக் கணக்கெடுப்பும் பாராளுமன்றம் வாக்களிக்கும் பணத்தில், ஒரு வருடமும் விடாமல் நடக்கவேண்டும். 2019-ல் திருத்திய மீன்வளச் சட்டம் முக்கிய மீன்வளங்களை நிலையாக வைத்திருக்கவேண்டும், விழுந்தவற்றை மீட்கத் திட்டம் போடவேண்டும் என்று அமைச்சரைக் கட்டுப்படுத்துகிறது. 2022 ஏப்ரலில் முதல் 30 மீன்வளங்கள் அந்தப் பட்டியலில் ஏறின. கடமையைச் சட்டத்தில் எழுதியவர்கள் அதற்குரிய பணத்தையும் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதட்டும். மீனவர் மேலதிகமாகச் செய்ய விரும்பும் ஆராய்ச்சிக்குச் சந்தா முறை இருக்கட்டும், பணமாக, வாக்கெடுப்போடு. 10-ஆம் பிரிவை நீக்க மனமில்லை என்றால், அதன்கீழ் எந்த மீன், எத்தனை தொன், யாருடைய லைசென்சில், என்ன விலைக்கு விற்றது, அந்தக் காசில் என்ன வேலை நடந்தது, அந்தத் தரவு எங்கே இருக்கிறது என்று வருடம் ஒருமுறை ஒரே பட்டியலாகப் பாராளுமன்றத்தில் வைக்கட்டும். சின்னப் படகு ஒன்றின் கணக்கிலேயே நான் இவ்வளவும் கேட்பேன், கொடுக்காதவரின் வரிப் படிவத்தில் கையெழுத்து வைக்கமாட்டேன்.

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் நம்மவர்களின் வாக்குக்காக வீட்டுக் கதவைத் தட்டுகிற பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் யாராவது மீன்வள நிலைக்குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மீன்வளச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்கீழ் சென்ற வருடம் ஒதுக்கப்பட்ட மீன் எவ்வளவு என்று எழுத்தில் ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். அரசாங்கம் எழுத்தில் பதில் சொல்லவேண்டிய கேள்விகளை அவையில் பதிவு செய்யும் உரிமை ஒவ்வொரு உறுப்பினருக்கும் உண்டு. நான் என்னுடைய உறுப்பினருக்கு நேற்று எழுதிவிட்டேன். ஒட்டாவாவிலுள்ள மக்கள் சபை முகவரிக்குக் கடிதம் போட முத்திரை ஒட்டத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர்,
ஸ்காபரோ